ஜெபகனி இழுத்துவந்த வீடு

ராஸ் அல் கைமாவில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஜெபகனி நர்ஸ். நான் இன்சூரன்ஸ் பிரிவில் இருக்கிறேன். அவளுக்குக் குளச்சல் பக்கம். கணவர் இஸ்ரவேல் கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் டெக்னீஷியன். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருடம்கூடத் தேறாது.

அவர் லீவில் இங்கே வந்தாலும் தங்க இடம் கிடையாது. அவள் இருப்பது மருத்துவமனை கொடுத்த அறை. நான்கு நர்ஸுகள்; ஆண்கள் வரக்கூடாது. அதனால் பர் துபாயில் ஏதாவது லாட்ஜுக்குப் போவார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்து ஏசிப் பெட்டி முகத்தில் ஊதும் என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன், வேலையை விட்டு ஊர் திரும்பிய ஒரு டாக்டரிடம் பழைய பாப்-அப் டிரெய்லர் ஒன்றை வாங்கினாள். மூடியிருக்கும்போது அது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இடுப்புயரப் பெட்டி. கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் கூரை எழும்பும். இரு பக்கமும் கட்டில்கள் வெளியே நீளும். சுவரெல்லாம் தடித்த கித்தான். நாங்கள் சிரித்தோம். அவள் தன் சின்னக் காரை விற்று, பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றை வாங்கினாள். டூட்டி முடிந்ததும் மருத்துவமனைக்குப் பின்னால் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துப் பழகினாள். ஒரு மாதம் குப்பைத் தொட்டிகளை இடித்தாள். பிறகு இடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இஸ்ரவேலின் குளிர்கால லீவெல்லாம் பாலைவனத்தில்தான். சமையல், தூக்கம், சண்டை எல்லாம் அந்தக் கித்தானுக்குள். “எங்களுக்குன்னு கதவு உள்ள ஒரே எடம் இதுதான்க்கா” என்றாள் ஒருமுறை.

போன ஜனவரியில் எங்களையும் கூப்பிட்டாள். நான், கணவர் கல்யாணசுந்தரம், எட்டு வயது மகள் இளவேனில் மூவரும் புதிதாக வாங்கிய கூடாரத்தோடு போனோம். நாங்கள் போய்ச் சேரும்போதே வடமேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. ஜெபகனி டிரெய்லரின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினாள். கால்கள் மணலில் புதையாமல் அடியில் பலகை வைத்தாள். அகலப் பக்கம் காற்றுக்குக் காட்டினால் கூரையைப் பிய்த்துவிடும் என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே காது விறைத்தது. வெளியே வைத்த கரியடுப்பிலிருந்து பொறி பறந்தது. கரி சாம்பல் பூத்து நன்றாகக் கனிந்ததும் என் கணவர் அதைக் கூடாரத்துக்குள் எனக்கும் மகளுக்கும் நடுவில் வைத்து, வெளியிலிருந்து ஜிப்பை இழுத்துவிட்டார். பிறகு டிரெய்லரின் பின்னால் இஸ்ரவேலோடு கயிறு கட்டப் போனார். உள்ளே சுகமாக இருந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. வெளியே ஜெபகனியின் குரல்.

“எக்கா, டீ ஆறுது. வாங்க.”

“தலை வலிக்குது ஜெபா. பாப்பாவும் தூங்கிட்டா. அப்புறம் வர்றோம்.”

ஜிப் கிழிவதுபோல் திறந்தது. அவள் அடுப்பைப் பார்த்தாள். இளவேனிலின் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தாள். நான் எழப் பார்த்து அப்படியே சரிந்தேன். திரும்பி வந்து என்னையும் இடுப்போடு பிடித்து இழுத்துப்போனாள். குளிர்காற்று முகத்தில் அறைந்ததும் வாந்தி எடுத்தேன்.

என் கணவர் ஓடிவந்தார். “புகையே இல்லைங்களே. நல்லா கனிஞ்ச பிறகுதானே உள்ள வெச்சேன்.”

“கனிஞ்ச கரிதாண்ணே ஆளைக் கொல்லும். வாசனையே வராது. பிள்ளையத் தூக்குங்க.”

இஸ்ரவேல் கார்ச் சாவியை அவள் கையில் கொடுத்தார். “நீயே ஓட்டு கனி. இந்த மணலு ஒனக்குத்தான் தெரியும். நான் இஞ்ச பாத்துக்கிடுதேன்.”

மணல் தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. தடம் எதுவும் தெரியவில்லை. அவள் எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல், ஒரே சீராக ஓட்டினாள். பேச்சு மட்டும் பின்சீட்டில், என் கணவர் மடியில் கண் செருகிக் கிடந்த இளவேனிலோடு.

“மக்களே, ஒங்க டீச்சர் பேரு என்ன?”

“ராதிகா மேம். ஆன்ட்டி, ஐ வாண்ட் டு ஸ்லீப்.”

“பெறவு ஒறங்கலாம். ராதிகா மேம் என்ன கலர் வண்டி வச்சிருக்காவ?”

தார்ச்சாலை வரும்வரை இப்படியே கேட்டுக்கொண்டு வந்தாள். மருத்துவமனையில் இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தது. குழந்தைக்கு இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் பேச்சு வேறாகியிருக்கும் என்றார் டாக்டர். என் கணவர் நடையில் சுவரைப் பார்த்து நின்றார். ஜெபகனி அவரிடம் போய், “தெரியாம வச்சதுதானேண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

இளவேனில் எழுந்து உட்கார்ந்து ஜூஸ் கேட்கும்வரை எங்களோடு இருந்தாள். மறுநாள் மதியம் இஸ்ரவேலுக்கு ஃப்ளைட் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. “உங்க கடைசி சாயங்காலத்தைக் கெடுத்துட்டோம் ஜெபா” என்றேன்.

“அவரு இதுக்குள்ள நல்லா ஒறங்கியிருப்பாரு. ரெண்டு மாசமா பிளான்ட்ல ஷட் டவுன் டூட்டி, ஒறக்கமே கெடையாதுக்கா” என்று சிரித்தாள். அதே காற்றில் தனியாக வண்டியோட்டித் திரும்பிப் போனாள்.

காலையில் சாமான்களை எடுக்க என் கணவர் போனார். எங்கள் கூடாரம் பறந்துபோய் ஒரு மரத்தில் சிக்கியிருந்ததாம். டிரெய்லர் இம்மி அசையவில்லை. வாசலில் இருவரும் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தவரை உட்காரவைத்துத் தட்டை நீட்டினாளாம். அவர் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

இந்தக் குளிர்காலத்தில் ஜெபகனிக்கு ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. டிரெய்லரை நிறுத்திக் கூரையை ஏற்றியதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுற்றியிருக்கும் கூடாரங்களுக்கெல்லாம் நடக்கிறாள். மலையாளம், இந்தி, அரைகுறை அரபி, எது செல்லுமோ அதில் கரியடுப்பைப் பற்றிச் சொல்கிறாள். சிலர் டீ கொடுப்பார்கள். போன வாரம் ஒரு இளைஞர் கூட்டம், “நாங்க பாத்துக்கறோம் சிஸ்டர், நீங்க போங்க” என்றது.

அவள் போகவில்லை. கூடாரத்துக்குள் இருந்த அடுப்பை அவர்கள் வெளியே எடுத்து வைக்கும்வரை, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.