சின்ன மக

மாதவன் ஹேர் கிளிப் வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எனக்கு அதில் அரை மணி நேரம் போவதே தெரியாது.

கன்னட எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு எங்களுடையது. சிப்காட்டில் ஒரே கம்பெனி. நான் அசெம்பிளியில், அவன் குவாலிட்டியில். வண்டிகளுக்குப் போகும் சிறு சிறு இரும்புப் பாகங்களைக் கையில் எடுத்து, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பான். பிசிறு தட்டினால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவான். அப்புறம் சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் அது வெளியே வராது. அப்படி ஒரு பிடிவாதக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே விரல் ஹேர் கிளிப்பில் ஓடும். பெரியவள் சுவாதிக்கு ஒன்பது வயது, அடுத்தவள் சௌமியாவுக்கு ஐந்து. இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பின்னால் இருக்கும் ஃபேன்சி ஸ்டோர் சந்துக்குப் போய்விடுவான். வீட்டில் அவன் மனைவி அனிதாவுக்கு அந்த இரண்டு மணி நேரம் நிம்மதியான தூக்கம். ஸ்ட்ராபெரி வைத்த கிளிப், பூனை மூஞ்சி ஷார்ப்னர், இரண்டு பக்கமும் திறக்கிற பென்சில் டப்பா, உள்ளங்கை அளவு கண்ணாடி. நாலு பொருள் வாங்க நாற்பது பொருளை எடுத்துப் பார்ப்பார்கள். கிளிப்பைக் காதருகே வைத்துப் பத்துத் தடவை திறந்து மூடுவான். ஸ்பிரிங் சத்தம் பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிடுவான். பிள்ளைகளும் அதையே கற்றுக்கொண்டுவிட்டார்கள். "அப்பா, இது ரிஜெக்ட், பிசிறு இருக்குது" என்று சௌமியா தீர்ப்பு சொன்னால் கடைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்கணும்! கம்பெனியில் அவார்டு வாங்கியபோதுகூட அப்படிப் பூரித்ததில்லை.

எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? ரோஸ் கலர் பையோடு அவன் கேன்டீனுக்குள் வந்த நாளிலிருந்து அவனுக்கு 'ஃபேன்சி ஸ்டோர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான். அதை அவன் ரசித்தான். ஆனால் "ரெண்டும் பொண்ணா?" என்று ஒரு கேள்வி வரும். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிற குரலில் வரும். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பான். வேலையில் யாருக்கும் வளையாதவன் இதில் மட்டும் ஏன் இப்படிக் குழைகிறான் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் சௌமியாவுக்குக் கடும் காய்ச்சல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தால் முடி கொடுப்பதாக அனிதா வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை தேறியதும் சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக் கூட்டி வந்தார்கள். மாடிப்படி ஏறி வரும்போது எதிரில் நான். சந்தனம் பூசிய குட்டித் தலை, அப்பா தோளில் சாய்ந்த தூக்கக் கலக்கம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்னய்யா மாதவா, கடைசில ஒனக்கும் ஒரு பையன் வந்துட்டாம் போலயே!"

அவன் சிரித்தான். வழக்கமான அந்தச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். அதோடு மறந்தும் போனேன்.

அதற்கு மறுவாரம் பள்ளிக்கூடத்திலிருந்து, திங்கட்கிழமை யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு குரூப் போட்டோ என்று போனில் செய்தி வந்தது. சனிக்கிழமை மாதவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அண்ணா, பாப்பா ஒரு மாதிரியா இருக்குது. எதுவும் கேக்க மாட்டேங்குது. கிளிப் டப்பாவ அக்காகிட்ட குடுத்துடுச்சு. போட்டோ அன்னிக்கு ஸ்கூலுக்கே போவலன்னு சொல்லுது."

"மொட்டைத் தலைய நெனச்சுக் கூச்சமா இருக்கும்யா. நாளைக்குக் கடைக்குக் கூட்டிப் போ, சரியாயிரும்."

"நீங்களும் வாங்கண்ணா. நீங்க வந்தா அது கொஞ்சம் சிரிக்கும்."

ஞாயிறு காலை கிளம்பினோம். சுவாதி என் வண்டியில், சௌமியா அவன் வண்டியில் முன்னால். வழக்கமான கடையில் அன்று கல்லாவில் புது ஆள். சாந்தம்மா என்று ஆனேக்கல் பக்கத்து அம்மா. கடைக்காரரான அவர் அக்கா ஊருக்குப் போயிருப்பதால் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பேச்சு முக்கால்வாசி கன்னடம், மீதிதான் தமிழ்.

மாதவன் வேலையில் இறங்கினான். பூனைக் காது வைத்த ஹேர்பேண்டு, முத்து கோத்த ஹேர்பேண்டு, பெரிய சிவப்பு ரிப்பன் பூ வைத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பு பார்த்து, வளைத்து, சௌமியா கையில் கொடுத்தான். அவள் வாங்கி வாங்கி மேஜைமேல் வைத்தாள். ஒன்றையும் தலையில் வைத்துப் பார்க்கவில்லை. பிசிறு பார்க்கக்கூட இல்லை. அதுதான் எனக்கே கஷ்டமாக இருந்தது.

சாந்தம்மா குனிந்து, "தம்பிக்கி ஏனு பேக்கு? கார் தோர்ஸ்லா?" என்று ஒரு நீல நிறப் பொம்மைக் காரை எடுத்துக் காட்டினார்.

சுவாதிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ தம்பி இல்ல!"

ஆனால் சௌமியா காரை வாங்கிக்கொண்டாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் தம்பிதான். அப்பாவுக்குப் பையன் வந்துட்டான்னு மாமா சொன்னாரு. அப்பா சிரிச்சாரு. இனிமே எனக்குக் கிளிப் வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியே தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பாவுக்காக ஐந்து வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்ததையெல்லாம் அக்காவிடம் கொடுத்திருக்கிறது. அதற்குக் காரணம் என் வாய்.

மாதவன் கடைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வருகிறவர்கள் அவனைச் சுற்றிப் போனார்கள். அவன் கவலைப்படவில்லை.

"சாமி, இங்க பாரு. அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு. மாமா சொன்னதும் தப்பு. எனக்குப் பையன் வேணாம். நான் எப்பவும் கேட்டதே இல்ல. நீ பொறந்தன்னிக்குக் கம்பெனி முழுக்க லட்டு குடுத்தேன். மாமாவே ரெண்டு தின்னாரு. கேளு அவர."

"மூணு" என்றேன். "மாமா தெரியாமச் சொல்லிட்டேன்டா. மாமாதான் ரிஜெக்ட்."

அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். காரை மட்டும் விடவில்லை. மாதவன் எழுந்தான். வேட்டி விளம்பரம் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சாந்தம்மாவிடம் சொன்னான். அவன் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அம்மா, இது தம்பி இல்லீங்க. இது என் சின்ன மக!"

சாந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, சின்ன மகனா! சின்ன மகா!" என்று சௌமியாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

மாதவன் திருதிருவென்று விழித்தான். மகள் என்று சொன்னால் இந்த அம்மா மகன் என்கிறாரே! சுவாதி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, கன்னடத்துல மகன்னா பையன்பா!"

அவன் வாய் திறப்பதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் கிளம்பியது. எங்கள் கீழ் வீட்டுக் கன்னடப் பிள்ளைகளோடு தினமும் விளையாடி வளர்ந்த குரல்.

"மக அல்ல ஆண்ட்டி! மகளு! நானு மகளு!"

அதைச் சொல்லும்போது சௌமியா காரை மேஜைமேல் டக்கென்று வைத்தாள். அவ்வளவுதான், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை.

"அய்யோ, மகளா! சின்னதந்தா மகளு!" என்று சாந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னா சொல்றாங்க?" என்று மாதவன் கேட்டான்.

"தங்கமான பொண்ணாம்" என்றாள் சுவாதி. "கன்னடத்துல சின்னான்னா தங்கம்பா."

சௌமியா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்போ நீ என்னத் தங்கம்னுதான் சொன்னியா?"

சின்ன மக என்றால் அவன் ஊரில் இளைய மகள், அவ்வளவுதான். அவன் சொன்னதும் அதைத்தான். பிசிறு கண்டால் விடாத ஆள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தத் தப்பை மட்டும் பாஸ் பண்ணினான்.

"ஆமா சாமி. அதத்தான் சொன்னேன்."

அதற்குப் பிறகு அந்தக் கடை பட்ட பாடு! பூனைக் காது ஹேர்பேண்டில் இரண்டை ரிஜெக்ட் செய்து மூன்றாவதை எடுத்தாள். முயல் பர்ஸ், பழ வாசனை ரப்பர், வானவில் ரிப்பன். கடைசியில் கிளிப் தட்டுக்கு வந்தார்கள். மொட்டைத் தலைக்குக் கிளிப் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொள்ளக் கற்றிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை போட்டோ மாதவனின் போனுக்கு வந்தது. முதல் வரிசையில் நடுவில் பூனைக் காதோடு ஒரு மொட்டை, பல்லெல்லாம் தெரிய. கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரெண்டு பசங்களாண்ணா? ரெண்டும் பொண்ணா?" என்றார். அதே குரல். நான் மாதவனைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்க்கவில்லை. போனை அவர் கையிலேயே கொடுத்தான்.

"ஆமாங்க, ரெண்டும் பொண்ணு. பெரிய மக நாலாவது படிக்குது. இது என் சின்ன மகளு."

"பாவம், முடியில்லாமப் போச்சே."

"வளரும்" என்றான் மாதவன். "எட்டு கிளிப் ரெடியா வாங்கி வெச்சிருக்குது."

எட்டையும் அவளே காதில் வைத்துப் பார்த்து எடுத்தாள். ஒன்றில்கூடப் பிசிறு கிடையாது. நான் சாட்சி.