விரதமும் ஒரு மிடறு தண்ணீரும்

மெல்பேணில் முதியவர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது என் வேலை. ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை, எண்பது தாண்டிய ஒரு பெண்ணிடம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும்படி காலை முழுக்கக் கெஞ்சினேன். இந்த நாட்டில் அதற்கும் சம்பளம் உண்டு.

எஸ்தர் யூதப் பெண். அன்று அவர்களுடைய யோம் கிப்பூர், ஆண்டிலேயே பெரிய நோன்பு. முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் இருட்டும்வரை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. எஸ்தருக்கோ நீரிழிவு. போன வருடம் இதே நோன்பில் மயங்கி விழுந்து அம்புலன்ஸில் போனவர். இந்த முறை டொக்டரும் ராபையும், அதாவது அவர்களுடைய மதகுருவும், கலந்து பேசி ஒரு வழி சொல்லியிருந்தார்கள். மருந்துக் கிண்ணத்தில் கொஞ்சம், இடைவெளி விட்டு மறுபடி கொஞ்சம். அப்படிக் குடித்தால் நோன்பு கெடாதாம்.

நான் கெட்டித்தனமாக வாழைப்பழமும் பாலும் கொண்டு போயிருந்தேன். எங்களுக்கு அது விரதச் சாப்பாடு.

"இதை நாங்கள் காலைச் சாப்பாடு என்போம்," என்றார் எஸ்தர். தண்ணீரையும் தள்ளிவிட்டார். "அந்த ராபை சின்னப் பையன். அவனுக்கு என்ன தெரியும்?"

எனக்கு அப்படியொரு ராபை இல்லையே என்று பொறாமையாக இருந்தது. ஊரில் எங்களுக்கு மருந்து தந்த டொக்டரே கந்தசஷ்டிக்கு மிளகும் தண்ணீருமாகக் கிடப்பார். நோயாளியிடம் விரதம் பிடிக்காதே என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்? கடவுளிடம் சலுகை வாங்கித்தர எங்களுக்கு ஆளே இருக்கவில்லை.

மதியத்துக்குள் எஸ்தரின் உதடு வெடித்து, குரலும் மெலிந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்தது. கிண்ணத்தை நீட்டினேன். என் கை நடுங்கித் தண்ணீர் மேசையில் சிந்தியது.

"நீ சாப்பிட்டாயா?"

"இல்லை. இன்றைக்கு எனக்கும் விரதம். சனீஸ்வரனுக்கு. மாலைவரை பழம்கூடத் தொடமாட்டேன்."

"உனக்கும் நீரிழிவுதானே? யாரிடம் கேட்டாய்?"

"ஒருவரிடமும் கேட்கவில்லை."

எஸ்தர் என்னைக் களவெடுத்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அந்தப் பழத்தைச் சாப்பிடு. நீ சாப்பிட்டால் நான் குடிக்கிறேன். ராபை சும்மா சொல்ல மாட்டார்."

சனீஸ்வரன் பொல்லாதவர், ஏழரை வருடம் பிடித்து ஆட்டுபவர். ஆனால் எஸ்தர்தான் என் கண்முன்னே வாடிக்கொண்டிருந்தார். பழத்தை உரித்தேன். அவர் கிண்ணத்தை வாயில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அதையும் பழத்தோடு விழுங்கினேன்.

மாலை ஸ்பிரிங்வேலில் எங்கள் வீட்டில், கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்த என் கணவர் சோற்றோடு காத்திருந்தார்.

"முகம் தெளிவாயிருக்கு. விரதத்தை முறிச்சுப்போட்டீரோ?"

"ஓம்."

"ஆர் முறிக்கச் சொன்னது?"

"எங்கட ராபை," என்றேன்.