ஒட்சிசன் மெஷினுக்கு ஒரு சப்ளை

முள்ளிக்குளம் பக்கம் சோளகக் காற்று கிளம்பினால் கரண்ட் போவது புதினம் இல்லை. முன்பெல்லாம் விளக்கைக் கொளுத்திவிட்டுப் பேசாமல் இருந்தோம். அக்காவின் மனிசன், எங்கள் அத்தானுக்கு ஒட்சிசன் மெஷின் வந்தபிறகு அப்படி இருக்க முடியவில்லை. வருசக்கணக்காகக் கடலில் சங்கு குளித்து நெஞ்சு கெட்டவர் அவர். மெஷின் நின்றால் மூச்சுத் திணறும்.

கடையில் வாங்கிய இன்வேர்ட்டர் பற்றறியைக் குடித்துத் தள்ளியது. தொட்டால் கை சுடும். அத்தானின் மூச்சுக்குப் போக வேண்டியது இப்படி வீணாய்ச் சூடாகிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும். நான் டிவி திருத்துகிறவன். நானே ஒரு சுவிட்சிங் சப்ளை செய்ய இறங்கினேன். மின்சாரத்தைக் கண்மூடித் திறக்குமுன் ஆயிரக்கணக்கான தடவை வெட்டி விடுகிற வித்தை அது. சுருளைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக எத்தனை டிரான்சிஸ்டரை எரித்து நாறடித்தேனோ. கடைசியில் அதே பற்றறியில் மெஷின் எவ்வளவோ நேரம் கூட ஓடியது. மிச்சச் சூடு வெளியேறப் பெட்டியின் இரு பக்கமும் ஓட்டை போட்டு, உள்ளே விசிறி வைத்தேன்.

அத்தான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு ஓட்டையோட கடலில விட்டா இது கரை சேராது, தம்பி."

"காத்துப் போகவேணும், அத்தான்."

"காத்தோட உப்பும் வருமல்லோ?"

"உள்ளுக்கு வார்னிஷ் அடிச்சிருக்கிறன், பயப்பிடாதேங்கோ" என்றேன். தலையாட்டினார். ஒத்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

நான் வேலையாக வவுனியா போயிருந்தபோது காற்றில் கரண்ட் கம்பம் விழுந்தது. பெட்டி கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிட்டது. மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுபோகும் வழியில், சிலாவத்துறையிலேயே அத்தான் போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அத்தனை ஓட்டையும் ரெசினால் அடைபட்டிருந்தது. அத்தான் தன் வள்ளத்தின் வெடிப்பை ஒட்டுகிற அதே கைவேலை. தேய்த்து மினுக்கி, மேலே நீலப் பெயின்றும் பூசியிருந்தார். சூடு போக வழியில்லாமல் உள்ளே எல்லாம் கருகிக் கிடந்தது. அந்த மனிசன்மேல் எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அக்கா வாசலில் நின்றாள்.

"என்னடா பிழை? உப்புப் போகக்கூடாதெண்டு அவர் ரெசின் கேட்டார். நான்தான் தேடி எடுத்துக் குடுத்தனான். அப்பிடிக் கவனமாப் பாத்த பெட்டி."

"நான் போட்ட சாமான் சரியில்லை, அக்கா."

அவள் என்னையே பார்த்தாள். "கடைப்பெட்டியே இருந்திருக்கலாம். உன்னை ஆர் கேட்டது?"

அதன்பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கும் எனக்குச் சொல்லவில்லை. தம்பி செய்த பெட்டிதான் தன் மனிசனைக் கொன்றது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம். சொல்லட்டும்.