பேட்டரி இல்லாத பெட்டியோடு ஐந்தருவிக்கு

கார் சாவியில் உள்ள பொத்தானை அழுத்தினால் மடங்கியிருக்கும் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் ஒன்றாக விரியும். அன்று காலை இடது கண்ணாடி மட்டும் பாதியில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் மீதியும் விரிந்தது. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் உம்மா பயணத்தையே நிறுத்திவிடுவார். அந்தப் பயணம் நின்றால் கார் போய்விடும்.

எங்கள் ஊர் கடையநல்லூர். வாப்பா சவூதியில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். மீதி மாதங்களில் கார் போர்வைக்குள் கிடக்கும், பேட்டரி இறங்கிவிடும். எங்கே போக வேண்டுமென்றாலும் வாப்பாவின் தம்பியைத்தான், அதாவது எங்கள் சாச்சாவைத்தான், கேட்க வேண்டும். இந்த வருடம் உம்மா லைசென்ஸ் எடுத்தார். அதற்குப் பிறகும் சாச்சா, ஓட்டாத வண்டியை வைத்திருந்து என்ன செய்ய என்று சொல்லி, செங்கோட்டையில் வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டார். வியாழக்கிழமை அந்த ஆள் வருவதாக இருந்தது. உம்மா விடவில்லை. கடைசியில் வாப்பா போனில் ஒரு தீர்ப்புச் சொன்னார். புதன்கிழமை நாங்களே குற்றாலம் போய்வர வேண்டும். சாச்சாவைக் கூப்பிடாமல் வீடு வந்து சேர்ந்தால் கார் எங்களுக்கு. கூப்பிட்டால் வியாழக்கிழமை விற்றுவிட வேண்டியதுதான்.

ஆனி மாதக் கடைசி, நல்ல சாரல். உம்மா, வாப்பாவின் அக்காவான மாமி, நான் என்று மூன்று பேர். காலை 6.40க்குக் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரு பெட்டியை எடுத்து என் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

இந்தப் பெட்டியைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். ஊருக்கு வந்த ஒருவர் கையில் வாப்பா கொடுத்துவிட்ட ஜம்ப் ஸ்டார்ட்டர் அது, பேட்டரி இறங்கி நிற்கும் காரைக் கிளப்பிவிடும் கருவி. வழக்கமாகக் கடைகளில் கிடைப்பவற்றுக்குள் ஒரு பேட்டரி இருக்கும், அதை முன்கூட்டியே சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். இதற்குள் பேட்டரி கிடையாது, கெப்பாசிட்டர்கள்தான். காரின் பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத்தை இழுத்துச் சேர்த்து வைத்து, ஒரே தடவையில் கொடுத்துவிடும். எங்கள் தெருக் குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரில் முற்றத்தைக் கழுவ முடியாது. அதையே குடத்தில் பிடித்து ஒரே வீச்சில் ஊற்றினால் கழுவலாம்.

விளக்கப் புத்தகம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னாலே எனக்கு வார்த்தை வராது. ஆனால் தனியாக உட்கார்ந்து வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன். போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து நான்கு நாளில் முடித்தேன். பதினெட்டுப் பக்கம்.

உம்மா நாற்பதுக்கு மேல் போகவில்லை. இடைகால் தாண்டியதும் ஒரு பேருந்து பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"அவனுக்கு வழிய விடு. நாம குளிக்கதானே போறோம், கலெக்டர் ஆபீஸுக்கா போறோம்" என்றார் மாமி.

குத்துக்கல்வலசையைத் தாண்டி 7.15க்குத் தென்காசி. அங்கிருந்து சாரல் பிடித்துக்கொண்டது. முகப்பு விளக்கு, வைப்பர், கண்ணாடியில் படியும் ஆவிக்காக ஏசி என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஐந்தருவியை அடைந்தபோது 7.50. வீட்டிலிருந்து 28 கிலோமீட்டர். பார்க்கிங்குக்கு ஐம்பது ரூபாய் வாங்கினார்கள்.

புதன்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. பெண்கள் பக்கம் தண்ணீர் பலமாக விழுந்தது. மாமி முதலில் விரலை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. காருக்குத் திரும்பும் வழியில் மங்குஸ்தான் அரைக்கிலோ 160 ரூபாய்க்கு வாங்கினோம்.

எங்கள் தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. குற்றாலத்துக்கு வருகிற எல்லாரும் செய்வது இது: கார் கதவு நான்கையும் விரியத் திறந்து, அவற்றின் மேல் ஈரத்துணியைக் காயப் போடுவது. பின்னால் டிக்கியைத் திறந்து வைத்து, அதில் உட்கார்ந்து சாப்பிடுவது. நாங்களும் தேங்காய்ச் சோறும் கறியும் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கதவுகள் திறந்தே கிடந்தன. அவ்வளவு நேரமும் உள்விளக்கும் டிக்கி விளக்கும் எரிந்திருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் தெரியவில்லை.

11.40க்கு உம்மா சாவியைத் திருப்பினார். டிக் டிக் டிக் என்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை. அதே டிக் டிக். உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் காலையில் நின்ற அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது. அப்போதே பேட்டரி தளர்ந்திருக்கிறது.

பக்கத்தில், கடையத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த வேன் நின்றது. அதன் டிரைவர் அண்ணாச்சி சத்தம் கேட்டு வந்துவிட்டார். அவரோடு இன்னும் நான்கு ஆண்கள்.

"தள்ளிரலாம்மா, நாங்க அஞ்சு பேரு இருக்கோம்லா" என்றார்.

இது கியர் மாற்றாத ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளினால் கிளம்பாது என்று உம்மா சொன்னார். வேன் பேட்டரியிலிருந்து இழுப்பதற்கு வயர் யாரிடமும் இல்லை. அப்படியானால் வீட்டு ஆம்பளைக்குப் போன் போடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். உம்மா போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் முன்மூடியைத் திறந்து, பேட்டரி முனையில் படிந்திருந்த வெள்ளைப் பூச்சை ஒரு ரூபாய்க் காசால் சுரண்டினேன். பெட்டியின் சிவப்புக் கவ்வியைக் கூட்டல் முனையிலும் கறுப்பைக் கழித்தல் முனையிலும் மாட்டினேன். திரையில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது.

அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தாயி, கனமே இல்ல. உள்ள ஒண்ணும் வைக்க மறந்துட்டானோ?"

எல்லாரும் சிரித்தார்கள். எண் பாதி ஏறும்போதே அவர், இப்போது திருப்பிப் பாருங்கள் என்றார். உம்மா திருப்பினார். பெட்டியில் சேர்ந்தது அத்தனையும் வீணாகப் போனது. மறுபடி பாதி ஏறியது, மறுபடி யாரோ சொன்னார்கள், உம்மா மறுபடி திருப்பினார். பெட்டி நிரம்பும் வரை பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு எண் ஏறவே இல்லை. இழுப்பதற்குக் கார் பேட்டரியில் எதுவும் மிச்சமில்லை.

"சாச்சாவக் கூப்பிட்டுருவோம், புள்ள" என்றார் உம்மா. குரல் இறங்கிப்போயிருந்தது.

நான் கவ்விகளைக் கழற்றினேன். ஓட்டுநர் பக்கம் போய்ச் சாவியை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். ஜிப்பையும் இழுத்து மூடினேன்.

"இனி நான் சொல்லுத வரைக்கும் யாரும் சாவியத் தொடக் கூடாது" என்றேன். அத்தனை பேருக்கும் கேட்டது. எனக்கே கேட்டது. "கதவெல்லாம் சாத்துங்க. மாமி, ஒங்க பவர் பேங்க குடுங்க."

பதினெட்டாம் பக்கம், கடைசிப் பத்தி: கார் பேட்டரி முழுவதும் இறங்கியிருந்தால், போன் சார்ஜ் போடும் வயரால் பெட்டியை நிரப்பலாம், நேரம் பிடிக்கும். துபாயில் இருக்கும் மகளுக்குத் திரும்பும் வழியில் போனில் அருவியைக் காட்ட வேண்டும் என்று மாமி அந்த பவர் பேங்கை இரவு முழுவதும் சார்ஜ் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.  தன் போனிலிருந்து வயரை உருவி, பவர் பேங்கோடு தந்தார்.

"எடுத்துக்கோ. அவ அருவிய அடுத்த வருசம் பாக்கட்டும்."

ஐம்பது நிமிடம். சாரலில் பெட்டி நனையாமல் என் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை அண்ணாச்சி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அவரால் ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சோறு வெந்துட்டா தாயி?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

12.45க்குப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஏசி, முகப்பு விளக்கு, வைப்பர் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். கவ்விகளை மாட்டினேன். சாவியை உம்மாவிடம் கொடுத்து, ஒரே ஒரு தடவைதான் என்றேன். உம்மா பிஸ்மி சொல்லித் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை முனகியது, இரண்டாவது முனகலில் பிடித்துக்கொண்டது. கல்லூரிப் பிள்ளைகள் வேனுக்குள்ளிருந்து கைதட்டினார்கள். அண்ணாச்சி என்னிடமிருந்து பெட்டியை மறுபடி வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். என்ன பெயர், எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார். இருபத்தைந்து வருடமாக வேன் ஓட்டுகிறவர் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டதை இந்த இடத்தில் எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பும் என்பதற்கு உறுதி இல்லை. மாமி தென்காசியில் டீ கேட்டார், கொடுக்கவில்லை.

எங்களைப் போல மாதக்கணக்கில் கார் நிற்கும் வீடுகளுக்கு இந்தப் பெட்டி நல்லது. முன்கூட்டிச் சார்ஜ் போட்டு வைக்கும் கவலை இல்லை. ஆனால் ஒரு தடவை கொடுத்ததும் காலியாகிவிடும், பொறுமையாக மறுபடி நிரப்ப வேண்டும். நிரம்பும் வரை சாவியைத் தொடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் என்ன சொன்னாலும் தொடாதீர்கள். கூடவே ஒரு பவர் பேங்க் இருக்கட்டும். கிளம்பியதும் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், பேட்டரியை அந்த வாரமே காட்டுங்கள். எங்கள் பேட்டரிக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று அடுத்த நாளே தெரிந்தது. ஈரத்துணியைக் கதவில் போடாதீர்கள், ஒரு கயிறு கொண்டு போங்கள். கண்ணாடி பாதியில் நின்றால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1.50க்கு வீட்டு வாசல். சாச்சா வெளியே நின்றுகொண்டிருந்தார். உம்மா இறங்கியதும், "மதினி, வண்டி எங்கயாவது நின்னுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுச்சு. ஒன்னக் கூப்பிடாமலே ஒன் அண்ணன் மவ கிளப்பிட்டா" என்றார் உம்மா.

சாச்சா என் பக்கம் திரும்பினார். மாமி ஈரத்துணி மூட்டையோடு இறங்கிப் போயிருந்தார், பின்கதவு திறந்தே கிடந்தது, உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போய் அதைச் சாத்தினேன்.