படகில் கட்டிய திரை

எங்கள் ராத்தாவுக்கு வாய் நீளம். வீட்டுக்கு மூத்த அக்கா என்பதால் எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவாள். அந்த வாயை நினைத்துத்தான் இன்று எனக்கு அத்தனை பெருமை.

பெருநாளுக்கு மறுநாள் குடும்பமாகப் போய், கண்டிக்குப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் மோட்டார் படகு எடுத்தோம். ஆண்கள் முன்னால், பெண்கள் நாங்கள் பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில். முக்காட்டை எடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே என்று கூரையிலிருந்து தறப்பாளைத் திரைபோல இறக்கிச் சுற்றிவரக் கட்டினோம். படகு நடுத் தண்ணீரில் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து புரியாணியில் கை வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. எங்கள் அண்ணன் நானாவின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி, வாந்தி எடுத்துச் சாய்ந்தாள். "மாசமா ஈந்தா அப்படித்தான்" என்று உம்மா புளிப்புக்குத் தேசிக்காய் தேடினார். ராத்தா விடவில்லை.

"அதே சோத்தைத் தின்ன ஆம்பிளைகள் முன்னால சிரிச்சிப் பேசிட்டு ஈக்கிறாங்க. திரைக்குள்ள ஈக்கிற நமக்கு மட்டும் ஏன் தலை வலிக்கிது?"

கேட்ட வேகத்தில், முக்காடு இல்லாமலே தறப்பாளைப் பிய்த்தெறிந்தாள். "எஞ்சினை நிப்பாட்டுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் படகோட்டி பதறி நிறுத்தினார். மதினியை முன்பக்கம் காற்றுக்குத் தூக்கிப் போனோம்.

எஞ்சின் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, அடைத்த இடத்தில் தேங்கினால் ஆளைக் கொன்றுவிடும். இன்னும் தாமதித்திருந்தால் தாயும் பிள்ளையும் தப்பியிருக்க மாட்டார்கள் என்றார்.

சொந்தக்காரர்கள் சிலர் ராத்தா முக்காடில்லாமல் நின்றதைத்தான் ஊரெல்லாம் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்தா கணக்கெடுக்கவே இல்லை. அடுத்த வருஷப் பெருநாளுக்குப் படகுத்துறையில் போய் நின்று, ஏற வந்த பெண்களையெல்லாம் மறித்தாள்.

"திரை கட்டுங்க, வேணாம்னு சொல்லல்ல. எஞ்சினை நிப்பாட்டிட்டுக் கட்டுங்க. தலை வலிச்சா புரியாணியைக் குத்தம் சொல்லாம காத்துக்கு வாங்க."

படகுக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "யாவாரத்தைக் கெடுக்காதீங்க. எஞ்சின் புகையில யாராச்சும் மௌத்தானாங்களா?"

ராத்தாவுக்குத் துணையாக வந்திருந்த மதினி கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

"இவளும் போன வருஷம் திரைக்குள்ளதான் ஈந்தா. என்ட வயித்துக்குள்ள."

படகுக்காரர் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினார்.