முகைதீன்பாவா காக்கா படைத்த நிலம்

ஆதம் நபியைப் படைக்க மண் எடுத்த கதையை முகைதீன்பாவா காக்காவைப் போல உருக்கமாகச் சொல்லச் சாய்ந்தமருதில் ஆள் இல்லை. அஸர் தொழுதுவிட்டுத் தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்தால் தொடங்கிவிடுவார். மண் எடுத்துவர அல்லாஹ் மலக்குகளை, தன் வானவர்களை, அனுப்புகிறான். "என்னில் கை வைக்காதே" என்று பூமி அழ, இரங்கி வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கடைசியில் உயிர் எடுக்கும் மலக்கான இஸ்ராயீல் வந்து, அழுகையைப் பாராமல் அள்ளிக்கொண்டு போகிறார். இந்த இடத்தில் காக்கா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், மண் ஏற்றிய டிரக்டர் கடை முன்னால் வந்து நின்றது.

"காக்கா, சாகாமத்துல போய் அள்ளின மண். எங்க பறிக்கிற?"

"தோணாவுக்குள்ள கொட்டு மனே" என்றார், அழுத குரல் மாறாமலே.

கடைக்காரர் பஸால் சிரித்தார். "இந்த மண் அழல்லயா காக்கா?"

"இது ஓடர் பண்ணி எடுத்த மண் தம்பி."

ஊரின் மாரி வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோவது தோணா. காக்காவின் வீட்டு வளவு அதன் கரையில் முடிகிறது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர் வீடும் கட்டிக்கொடுக்க வேண்டும். மகள் ஆதிலாவுக்கு நிக்காஹ் பேசியாகிவிட்டது, வளவிலோ இடமில்லை. ஆகவே காக்கா தோணாவுக்குள் நிலம் படைக்கத் தொடங்கினார்.

"அப்ப தண்ணி எங்கால போற?" என்று மனைவி சுபைறா கேட்டார்.

"மனிசனுக்காகத்தானே துனியாவப் படைச்சிருக்கு. தண்ணிக்கு அதுட வழி தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. புது வீட்டுக்குக் கூரை போட்டு, நிக்காஹ் நாளும் நெருங்கியபோது மழை விடாமல் கொட்டியது. வழி அடைபட்ட வெள்ளம் தெருவுக்குத் திரும்பி, வாசல் வாசலாக ஏறி, காக்காவின் பழைய வீட்டுக் குசினிக்குள்ளும் புகுந்து, சமைக்க வைத்திருந்த விருந்து அரிசியை ஊறவைத்தது.

அயலவர்கள் குடைகளோடு வந்து நின்றார்கள். எல்லாரும் அவருடைய கதைக்கு அழுதவர்கள்தாம். பஸால்தான் வாய் திறந்தார்.

"காக்கா, கொட்டின மண்ண வெட்டித் தண்ணிய விடத்தான் வேணும்."

"கை வைக்காதங்க! என்ட புள்ளட வீடு. கெஞ்சிக் கேக்கன்" என்று காக்கா குறுக்கே நின்று அழுதார். பாவம், சால்வையும் நனைந்திருந்தது. அயலவர்கள் இரங்கித் திரும்பத் தொடங்கினார்கள்.

ஆதிலா இரங்கவில்லை. மண்வெட்டியோடு இறங்கி வந்தாள்.

"விலகுங்க வாப்பா. புது வீட்டுக் குசினிப் பக்கம் போகட்டும். எனக்கு ஒரு அறையும் விறாந்தையும் காணும். இல்லாட்டி இந்த வீட்டுல முதல் குடிவாற மீன்தான்."

அவளே முதல் வெட்டு வெட்டினாள். காக்கா மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே வெட்டினார். சாகாமத்து மண்ணையும் புதுக் குசினியையும் இழுத்துக்கொண்டு வெள்ளம் கடலுக்குப் போனது.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. குசினியில்லாத வீட்டைச் சுற்றிப் பார்த்த மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டார். சாப்பாடு மாமி வீட்டில்தான் என்பது அவருக்கு விளங்கியிருக்கும்.

காக்கா இப்போதும் கதை சொல்கிறார். ஆனால் இஸ்ராயீல் அள்ளும் இடத்தில் அழுவதில்லை. எடுத்த மண்ணைத் திருப்பித் தரவேண்டும் என்று பூமி கேட்டதையும் இப்போது சேர்த்துச் சொல்கிறார்.

"சாகாமத்துக்கா காக்கா?" என்று பஸால் கேட்டால் மட்டும், தேத்தண்ணி ஆறுகிறது என்று கதையை நிறுத்திவிடுவார்.