பதினேழாம் தேதி படகோட்டி எங்கே இருந்தான்?

பிரிசில்லாவுக்கு மற்றவர்களைவிட ஒரு கண் அதிகம் என்பார்கள். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாகக் கடைசிச் செக்கிங்கில் நிற்கிறாள். பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு ஜோடியும் அவள் கையைத் தாண்ட வேண்டும். இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரு தையல் வித்தியாசம் இருந்தால், மற்றவர்கள் விளக்கை இழுத்து வைத்துத் தேடுவார்கள். இவள் கையில் எடுக்கும்போதே முகத்தைச் சுளித்துவிடுவாள்.

இந்தக் குணம் கம்பெனியோடு நின்றால் பரவாயில்லை. சர்ச்சில் செயலாளர், "வருகிற ஞாயிறு பன்னிரண்டாம் தேதி" என்று வாசித்தால், "பதிமூணு" என்று பெண்கள் பக்கமிருந்து குரல் வரும். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு என்றார்கள். அரை மணி கழித்து அவன் தங்கைக்கு முப்பத்திமூன்று என்றார்கள். "அப்ப யாரு மொதல்ல பொறந்தது?" என்று கேட்டாள் பிரிசில்லா. காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது முப்பத்தாறு வயது. மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவும் அவளும் மட்டும். பொய் சொன்னவனை விட்டுவிட்டுக் கண்டுபிடித்தவளைத் திட்டுவதுதானே நம் ஊர் நியாயம்.

அவளுக்கு மரியாதை கொடுத்த ஒரே இடம் கம்பெனி பஸ்தான். அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பேக்கிங்கில் வேலை செய்யும் டேனியல் கம்ப்யூட்டர் படித்தவன். நெட்டில் பார்த்த ஒரு விளையாட்டை மாலை பஸ்ஸில் ஆரம்பித்து வைத்தான். ஆளுக்கொரு பாத்திரம். டேனியல் நிலைமையைச் சொல்வான். அவரவர் தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஆனால் நம் ரோட்டில் எந்தப் பகடை நிற்கும்? முதல் வேகத்தடையிலேயே சீட்டுக்கடியில் ஓடிப்போனது. அதனால் எதிரே வரும் அடுத்த லாரியின் நம்பரில் கடைசி எண் என்னவோ அதுதான் கணக்கு என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்துக்கு மேல் வந்தால் பலிக்கும்.

கதை நடக்கும் நாட்டுக்கு ஏழ்துறை என்று பெயர். ஏழு துறைமுகம், இரண்டு நிலா, உப்பில் கோட்டை கட்டிய ஒரு ராஜா. பின் சீட்டில் தூங்குவதுபோல உட்கார்ந்திருந்த பிரிசில்லா ஒருநாள் கண்ணைத் திறந்து, "போன வாரம் ஒரு நிலான்ன, இன்னிக்கு ரெண்டுன்ற. இன்னொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள். டேனியல் அசடு வழிந்தான். மறுநாள் ஒரு நீள நோட்டை வாங்கிவந்து அவள் மடியில் வைத்தான். "அக்கா, இனிமே நீங்கதான் கணக்கு. நீங்க சொல்றதுதான் ஏழ்துறை."

அன்றிலிருந்து இரண்டு வருஷம். தேதி போட்டு, எந்தப் பாத்திரம் எங்கே நின்றது, என்ன சொன்னது என்று எழுதினாள். விளையாடுகிறவர்களின் பெயர் நோட்டில் இருக்காது, பாத்திரத்தின் பெயர்தான். முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் திருத்தி எழுதி ஒட்டுவாள். ஏழ்துறையில் செத்தவன் நடமாட முடியாது. வடக்கே ஓடும் ஆறு தெற்கே திரும்ப முடியாது. நிஜ வாழ்க்கையில் அவளால் சரிசெய்ய முடியாமல் போனதையெல்லாம் அந்த நோட்டில் சரிசெய்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வம்பு செப்டம்பரில் வந்தது. வெளிநாட்டிலிருந்து நூற்று நாற்பது ஜோடி திரும்பி வந்தது. உள்ளே தோல் கருகியிருந்தது. லாட் நம்பரை வைத்துப் பார்த்ததில், ஜூலை பதினேழாம் தேதி மாலை ஏழு மணி வாக்கில், சூடேற்றும் மெஷினை அளவு வைக்காமல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்றைய ஓவர்டைம் பட்டியலில் அந்த மெஷினுக்கு நேரே இருந்த பெயர் பஞ்சாட்சரம்.

பஞ்சாட்சரம் நாற்பத்தைந்து வயது ஆள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் ஜாஸ்தி. பஸ் விளையாட்டில் அவர்தான் படகோட்டி. "காலைலயே பேர் எழுதிட்டாங்க சார். எனக்கு மண்டவலி. ஆறு மணி பஸ்ல வீட்டுக்குப் போய்ட்டேன்" என்றார். அந்த வாரம் வரும்போதும் போகும்போதும் விரல் வைக்கும் மெஷின் பழுது. கையெழுத்து நோட்டில் காலையில் போட்டதோடு சரி. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு மாலையில் பஸ்ஸில் யார் இருந்தார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? விசாரணை வைத்தார்கள். நிரூபிக்க முடியாவிட்டால் வேலை போய்விடும். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகள் குடியாத்தத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிசில்லா யாரும் கூப்பிடாமலே பர்சனல் அதிகாரி வக்கார் அகமதுவின் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், எங்ககிட்ட நோட்டு இருக்குது. தேதி போட்டு எழுதினது. அன்னிக்கு அவரு பஸ்ல பேசினது அதுல இருக்கும்."

வக்கார் அகமது கண்ணாடியைக் கழற்றினார். "கதை நோட்டா?"

"கதைதான் சார். ஆனா தேதி கரெக்டா இருக்கும்."

ஓரமாக நின்ற பஞ்சாட்சரம், "நோட்டு வேணாம்மா" என்றார் மெதுவாக. மனுஷன் கூச்சப்படுகிறார் என்று பிரிசில்லா நினைத்தாள். "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கொண்டாங்க" என்றார் வக்கார் அகமது.

அன்று மாலை பஸ் ஏறியதும் நோட்டைப் பிரித்தாள். ஜூலை பதினாறு. பதினெட்டு. நடுவில், ஒட்டிய தாள் ஒன்று. அவளுடைய சுத்தமான கையெழுத்து. "படகோட்டி கல்சிறையில் இருக்கிறான். பாலத்தில் வைத்தியச்சி நின்றாள்."

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பதினேழாம் தேதி அவள் லீவு. அம்மாவுக்கு வேலூரில் கண் ஆப்பரேஷன். முந்தின நாளே அவளிடம் வாங்கி வைத்த நோட்டை டேனியல் அன்று பஞ்சாட்சரத்திடம் கொடுத்திருந்தான். மனுஷன் எழுதினார், எழுதியது மட்டுமல்ல, ஆசை தீரப் பேசியும் இருக்கிறார். கல்சிறையில் அடைபட்டுக் கிடந்த தன் படகோட்டியைக் கொண்டுவந்து பாலத்தில் நிறுத்தினார். செத்துப்போன குதிரைமேல் ஏற்றினார். ஒரே பக்கத்தில் பதினோரு தப்பு. மறுநாள் வந்த பிரிசில்லா அந்தத் தாளைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, படகோட்டியைச் சிறைக்கே திருப்பி அனுப்பி, அவன் பாலத்தில் செய்த காரியத்தை கூட விளையாடும் நிஷாவின் வைத்தியச்சிக்குக் கொடுத்துவிட்டாள்.

காப்பாற்றப்போன நோட்டே, அந்த ஆள் அன்று பஸ்ஸிலேயே இல்லை என்று சாட்சி சொல்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் சும்மா கெடவில்லை. இன்னொருத்தர் பிழைப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

டேனியல் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அக்கா, அந்தப் பதினோரு தப்பும் உங்களுக்கு மனப்பாடம்தான? பஞ்சாட்சரண்ணன் கையாலயே திரும்ப எழுத வெச்சிடலாம். பொய் இல்லியே. நடந்ததுதான்" என்றான்.

பிரிசில்லாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அடித்துச் சொல்கிறேன், அந்த இடத்தில் நானாக இருந்தால் எழுத வைத்திருப்பேன். அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே பஞ்சாட்சரத்தின் சீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, அன்னிக்கு எழுதினத இன்னொரு தடவ எழுதித் தர்றீங்களா?"

பஞ்சாட்சரம் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவ எழுதிட்டேம்மா."

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

மறுநாள் பதினோரு மணி. அறையில் வக்கார் அகமது, பஞ்சாட்சரம், டேனியல், பிரிசில்லா. நோட்டை வாங்கிய அதிகாரி பக்கத்தைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"படகோட்டிதான பஞ்சாட்சரம்? இதுல அவன் ஜெயில்ல இருக்கான். பாலத்துல வேற யாரோ. இது உங்களுக்கு எதிரா இல்ல இருக்குது?"

"அது நான் மாத்தி எழுதினது சார்."

"மாத்தி எழுதுவீங்களா?"

"ஆமா சார். அவரு எழுதினதுல தப்பு இருந்துச்சு. கிழிச்சிட்டு நான் எழுதினேன்."

"அப்ப இதுல இருக்கறது சரியா தப்பா? ஒண்ணு சொல்லுங்க."

பதினோரு வருஷத்தில் பிரிசில்லாவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்பது எப்போதும் அவள்தான். "கதைக்கு சரி சார்" என்றாள். "அந்த நாளுக்குத் தப்பு."

வக்கார் அகமது நோட்டை மூடினார். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். "பார்மா, நீங்களே திருத்தற நோட்ட நான் எப்டி வெச்சிக்கறது? நீங்க மூணு பேரும் ஒரே கூட்டம். உங்க கூட்டம் இல்லாத ஒரு ஆளு சொல்லட்டும், எழுதிக்கறேன். இல்லன்னா இன்னிக்கே பேப்பர் மேல போயிடும்."

பஞ்சாட்சரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரிசில்லா பஸ்ஸின் ஐம்பத்திரண்டு சீட்டையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் காதில் ஒயர். கடைசியில் ஒரு முகத்தில் வந்து நின்றாள். வேறு வழி இல்லை.

"மரியம்மாக்காவக் கூப்பிடுங்க சார்."

டேனியல் அவள் முழங்கையை இடித்தான். இடிக்கமாட்டானா? தையல் பகுதி மரியம்மாளுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. முன் சீட்டில் உட்காரும் அவள், பின்னால் இவர்கள் பேய்க் கதை பேசித் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று இந்த வருஷத்தில் மட்டும் மூன்று தடவை புகார் கொடுத்தவள். வேலியில் போகிற ஓணானைப் பிரிசில்லாவே எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாள் என்று அவன் நினைத்தான்.

மரியம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இவங்க பஸ்ல பேசற கதையக் கேப்பீங்களா?" என்றார் வக்கார் அகமது.

"எனக்கு இன்னா வேல சார் அதக் கேக்கறதுக்கு? தலவலி."

வக்கார் அகமது பேனாவை எடுத்தார்.

"ஜூலை மாசத்துல பஞ்சாட்சரம் என்னிக்காவது கதை சொன்னாரா? ஞாபகம் இருக்கா?"

"சொன்னாரா?" மரியம்மாளுக்குக் குரல் ஏறிவிட்டது. "உயிர எடுத்தாரு சார்! இந்தாளத்தான் கல்சிறைல போட்டுப் பத்து நாளாவுதே, பாலத்துல வந்து எப்டி நிப்பாரு? அதுவும் குதிர மேல. அந்தக் குதிர செத்து ஒரு வாரம் சார்! உப்பு ராசா பொண்ணு பேரு கயலு, இவரு முத்து முத்துன்றாரு. பேஜாராப் போச்சு எனக்கு."

வக்கார் அகமது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கேக்கறதில்லன்னு சொன்னீங்க?"

"காதுல விழுது சார், நான் இன்னா பண்றது?"

"அது எந்த நாள்னு சொல்ல முடியுமா?"

"தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? இந்தப் பொண்ணு வராத நாளு." பிரிசில்லாவைக் கை காட்டினாள். "இவ இருந்தா உட்டிருப்பாளா? தப்புன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. எனக்குப் பொறுக்கல. எழுந்து நின்னு கத்தினேன். டிரைவர் வாஹித் பாஷா கண்ணாடில பார்த்து சிரிச்சாரு, வேணும்னா அவரையும் கேளுங்க."

வக்கார் அகமது லீவு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஜனவரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தார். பிரிசில்லாவின் பெயருக்கு நேரே அந்த வருஷம் அதுவரை ஒரே ஒரு லீவுதான். ஜூலை பதினேழு. வாஹித் பாஷாவைப் போனில் கேட்டார். ஆறு மணிக்கு வண்டி எடுத்தது, வழியில் மரியம்மாள் எழுந்து நின்று கத்தியது, எல்லாம் உண்மை என்றார் அவர். ஏழு மணிக்குக் கருகிய தோலுக்கு ஆறு மணிக்கே பஸ் ஏறிய ஆள் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் வக்கார் அகமது.

அறையை விட்டு வெளியே வந்ததும் பிரிசில்லா சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். பஞ்சாட்சரம் அவளைத் தாண்டி நேராக மெஷினுக்குப் போனார்.

மாலை பஸ்ஸில் எல்லாரும் மரியம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஞ்சாட்சரம் மட்டும் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிரிசில்லா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்கண்ணா. உங்க வேலைக்கே உலை வெச்சிருப்பேன்."

"வேலைக்குத்தான் ஒண்ணும் ஆவலியே. விடு." பிறகு அவராகவே தொடர்ந்தார். "இருவது வருஷமா வர்றேன் இந்தக் கம்பெனிக்கு. ஏதோ அன்னிக்கு ஒரு நாளு நாலு பேரு என் வாயப் பார்த்துனு இருந்தாங்க. ரெண்டு நாளு கழிச்சி ஆசையா நோட்ட வாங்கிப் பார்த்தேன். நான் அதுல இல்லம்மா."

பிரிசில்லா நோட்டைப் பிரித்தாள். தப்பைத்தான் எடுத்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள், எடுத்தது ஆளை. ஒட்டியிருந்த தாளைப் பிய்த்தாள். அடியில், அவள் கிழித்த தாளின் மிச்சமாக இருந்த வெள்ளை ஓரத்தைத் தடவிவிட்டு, வேறு தாள் வைத்து, ஜூலை பதினேழு என்று தேதி போட்டாள்.

"சொல்லுங்கண்ணா, எழுதறேன்."

"இன்னாத்துக்கு?"

"சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முன் சீட்டுகளில் பேச்சு நின்றது. "படகோட்டி பாலத்துக்கு வந்தான்" என்றார். "குதிர மேல ஏறி வந்தான்."

பிரிசில்லாவின் பேனா நின்றது. "எந்தக் குதிரண்ணா?" என்று கேட்டுவிட்டாள்.

"அதேதான். செத்துச்சே, அது."

எழுதினாள். "அப்புறம்?" என்றாள்.